கொடைக்கானலா, ஏற்காடா, ஊட்டியா: ஏரி ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க

மலை மேல் ஒரு சின்ன ஊர், நடுவில் ஏரி, சுற்றி நடக்க இடம், கேட்கக் கொஞ்சம் பழைய கதை. இப்படி ஓர் ஊர் வேண்டும் என்று தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் மூன்று பெயர்கள்தான் வரும்: ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு. மூன்றுக்கும் போய்வந்த எல்லோரிடமும் ஒரு கருத்து இருக்கும். பெரும்பாலும் அது அவர்கள் போன மாதத்தைப் பற்றிய கருத்தாகத்தான் இருக்கும். மே மாதக் கூட்டத்தில் ஊட்டியைப் பார்த்தவரும் ஜனவரியில் பார்த்தவரும் ஒரே ஊரைப் பற்றிப் பேசுவதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு இரவாவது தங்க முடியும், வீட்டில் நடக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்றால் கொடைக்கானல். ஒரே ஒரு இரவுதான், அல்லது வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றால் ஏற்காடு. ஊட்டிக்கு ரயிலுக்காகவும் தாவரவியல் பூங்காவுக்காகவும் போங்கள், ஏரிக்காகப் போகாதீர்கள்.

ஊட்டியை ஏன் இவ்வளவு சீக்கிரம் ஒதுக்குகிறேன்? சின்ன ஊர் என்று நாம் வைத்த முதல் நிபந்தனையிலேயே அது அடிபடுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி ஊட்டி நகராட்சியின் மக்கள்தொகை 88,000-க்கும் மேல்; கொடைக்கானலில் சுமார் 36,500. இரண்டாவது காரணம் ஏரியேதான். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் ஓடைகளுக்குக் குறுக்கே கரை கட்டி உருவாக்கிய ஏரி அது. அவர் கட்டியபோது இருந்த நீர்ப்பரப்பில் கணிசமான பகுதி பிற்காலத்தில் குதிரைப் பந்தய மைதானமாகவும் பேருந்து நிலையமாகவும் பூங்காவாகவும் ஆகிவிட்டது. ஊர்க் கழிவுநீரும் ஆகாயத்தாமரையும் மிச்சத்தைப் படுத்தும் பாடு அடிக்கடி செய்தியில் வரும். படகுத்துறையில் இரைச்சலுக்கும் குறைவில்லை.

அதற்காக ஊட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து, வழியில் ஒரு பகுதியைப் பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறி வரும் 46 கி.மீ. மலை ரயில், குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் வந்தது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு ஈடாக மற்ற இரண்டு ஊர்களிலும் எதுவும் இல்லை. ஆனால் அது வேறு பயணம். நம் கேள்வி ஏரி ஊர் பற்றியது. ஆக, போட்டி கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும்தான்.

கொடைக்கானல்: காய்ச்சலில் தொடங்கிய ஊர்

ஊட்டியை ஓர் அதிகாரி தொடங்கினார் என்றால், கொடைக்கானலைத் தொடங்கியது காய்ச்சல். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலும் காலராவும் தாங்காமல் குடும்பத்தில் பலரைப் பறிகொடுத்தார்கள். முதலில் பக்கத்திலிருந்த சிறுமலையில் ஏறிப் பார்த்தார்கள். அங்கே மலேரியா விடவில்லை. அப்புறம்தான் இன்னும் உயரமான பழனி மலைக்கு வந்து, 1845-ல் சன்னிசைட், ஷெல்டன் என்ற இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம் என்பதால் கொசுவின் தொல்லை அங்கே எட்டவில்லை.

ஏரி வந்தது 1863-ல். மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், சதுப்பாகக் கிடந்த பள்ளத்தில் ஓடிய ஓடைகளைத் தடுத்து அணை போட்டார். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார் என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் செய்தி. வண்டி ஏறும் மலைச்சாலை 1910-களின் நடுவில்தான் முழுமையாயிற்று. அதுவரை பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோதான் மேலே வர வேண்டும். துரைமார் டோலியில் உட்கார்ந்து வந்த கதையை வழிகாட்டிகள் சுவையாகச் சொல்வார்கள். தூக்கி வந்தவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்த ஏரிக்கு மற்ற இரண்டிலும் இல்லாத ஒரு வசதி உண்டு. சுமார் 5 கி.மீ. தூரம் ஏரியை ஒட்டியே சாலை முழுச் சுற்றாக ஓடுகிறது. ஏரியின் வடிவம் நட்சத்திரம் போல நீண்டு நீண்டு வளைவதால், நடக்க நடக்க ஒவ்வொரு திருப்பத்திலும் காட்சி மாறும். காலை ஆறரைக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்தில் நிதானமாகச் சுற்றி முடிக்கலாம். பத்து மணிக்கு மேல் அதே சாலையில் வாடகை சைக்கிள், குதிரை, கார் எல்லாம் சேர்ந்துகொள்ளும். அப்போது நடப்பது சுகமில்லை. படகுச் சவாரியை நான் பெரிதாகச் சிபாரிசு செய்ய மாட்டேன். கரையிலிருந்து தெரிவதை விட அதிகமாக எதுவும் படகிலிருந்து தெரிவதில்லை.

கோக்கர்ஸ் வாக்கையும் காலையிலேயே முடித்துவிட வேண்டும். லெப்டினென்ட் கோக்கர் 1872-ல் மலைச்சரிவின் விளிம்பில் அமைத்த நடைபாதை இது. நீளம் சுமார் 1 கி.மீ. பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரியும். கொஞ்சம் நேரமானால் கீழிருந்து மஞ்சு ஏறி எல்லாவற்றையும் மறைத்துவிடும். சில காலைகளில் சூரியன் முதுகுக்குப் பின்னாலும் மேகம் முன்னால் பள்ளத்திலும் சரியாக அமைந்தால், நம் நிழலே பெரிதாகி, தலையைச் சுற்றி வானவில் வளையத்தோடு மேகத்தின் மேல் விழும். விஞ்ஞானத்தில் இதற்கு ப்ரோக்கன் நிழல் என்று பெயர். அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள், கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கொடைக்கானலில் பலரும் தவறவிடும் இடம் சூரிய ஆய்வகம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனில் நடப்பதற்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி வலுத்தது. அந்தக் கேள்வியின் விளைவாக வந்த நிலையம் இது. 1901-ல் இங்கே கண்காணிப்பு தொடங்கியது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். இன்றைக்கும் உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்கிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலான சூரியப் படங்கள் இங்கே சேர்ந்திருக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட வந்தால் தூண் பாறையைக்கூட விட்டுவிடலாம், இதை விடக்கூடாது. பார்வை நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தூண் பாறை, பசுமைப் பள்ளத்தாக்கு, குணா குகை, பைன் காடு ஆகிய நான்கையும் வாடகைக் கார்க்காரர்கள் ஒரே சுற்றில் காட்டிவிடுவார்கள். 122 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் தூண் பாறை நிச்சயம் பார்க்க வேண்டியது, மஞ்சு விலகினால். குணா குகைக்குள் இப்போது யாரையும் விடுவதில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். பைன் காடு படம் எடுக்க நன்றாக இருக்கும். ஆனால் அது வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட காடு. இந்த மலைக்குச் சொந்தமானது சோலையும் புல்வெளியும். பைன், சீகை, தைலமரத்துக்கு வழிவிட்டு அந்தப் புல்வெளியின் பெரும்பகுதி போய்விட்டது.

மிச்சமிருக்கும் சோலையைப் பார்க்க ஆசை என்றால் பேரிஜம் ஏரிக்குப் போக வேண்டும். ஊரிலிருந்து இருபது கி.மீ.க்குச் சற்று மேல். வனத்துறை அனுமதி வேண்டும், நாளொன்றுக்குக் குறிப்பிட்ட அளவு வண்டிகளைத்தான் விடுவார்கள். யானை நடமாட்டம் இருந்தால் அன்றைக்கு வழி மூடப்படும். பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி என்பதால் படகு கிடையாது, கடை கிடையாது. கொடைக்கானல் ஏரி 1863-ல் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும்.

கால் பலம் உள்ளவர்களுக்கு வட்டக்கானல் வழி. டால்பின் நோஸ் பாறை வரை இறங்குவது எளிது, திரும்பி ஏறுவதில்தான் மூச்சு வாங்கும். அந்தப் பாதை மேலும் கீழே இறங்கி, தலைமுறை தலைமுறையாகச் சாலையே பார்க்காத வெள்ளகவி கிராமத்துக்குப் போகிறது. டால்பின் நோஸைத் தாண்டிப் போக நினைப்பவர்கள் அனுமதி விஷயத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். 2018 குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்ற விதிகள் கடுமையாகியிருக்கின்றன. 2024 முதல் வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் வழிகாட்டியோடு முன்பதிவு செய்யலாம்.

குறிஞ்சி பூப்பதைப் பார்க்கவென்றே கொடைக்கானலைத் தேர்ந்தெடுப்பவர்கள் 2030 வரை பொறுக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி கடைசியாகப் பூத்தது 2018-ல்.

ஏற்காடு: காபியும் கற்கோடரியும்

ஏற்காட்டின் கதையில் அணை கட்டிய கலெக்டர் யாரும் இல்லை. இயற்கையாக அமைந்த ஏரி என்றே சொல்கிறார்கள். இங்கேயும் ஒரு கலெக்டர் வருகிறார், ஆனால் வேறு வேலையாக. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், கிரேஞ்ச் எஸ்டேட்டில் காபியையும் பேரிக்காய், ஆப்பிள் போன்ற பழ மரங்களையும் நட்டுப் பார்த்தார். ஆப்பிள் என்னவோ பெரிதாக எடுபடவில்லை. காபி மலையையே மாற்றிவிட்டது. இன்று ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சில்வர் ஓக் நிழலில் காபிச் செடியும் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடியும்தான்.

ஆனால் மலையின் வரலாறு காபிக்கு மிகவும் முந்தியது. மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் காஞ்சிபுரத்திலிருந்து இங்கே ஏறி வந்ததாகத் தங்கள் கதைகளில் சொல்கிறார்கள். அவர்களுக்கும் முன்னால் இங்கே ஆட்கள் இருந்ததற்குச் சான்று, மலையில் கிடைத்த புதிய கற்காலக் கருவிகள். இந்த இடத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொடைக்கானலில் லெவிஞ்ச் ஏரி கட்டிய அதே 1863-ல், சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் ஒரு பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வையே தொடங்கி வைத்த நிலவியலாளர் அவர். ஓய்வுக் காலத்தில் அவர் வாழத் தேர்ந்தெடுத்த ஊர் ஏற்காடு. 1912-ல் அவர் இறந்தார். அவருடைய நினைவிடம் இங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. அவர் சேகரித்தவை சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. ஏற்காட்டுச் சுற்றுலாப் பட்டியல்களில் இந்தத் தேவாலயத்தைப் பெரும்பாலும் காண முடியாது. லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட் என்ற காட்சி முனைகள் தவறாமல் இருக்கும்.

லேடீஸ் சீட்டைக் குறை சொல்லவில்லை. இருட்டிய பிறகு அங்கிருந்து பார்த்தால் சேலம் நகரத்தின் விளக்குகள் மொத்தமாகத் தெரியும். கொடைக்கானலில் கிடைக்காத காட்சி அது. மலை நகரத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. பகோடா பாயிண்ட்டும் நல்ல இடம்தான்; கிழக்குப் பார்த்திருப்பதால் காலையில் போனால் வெளிச்சம் சரியாக இருக்கும்.

ஏற்காட்டில் என் முதல் வாக்கு சேர்வராயன் கோயில் மேட்டுக்கு. 1,623 மீட்டரில், மலையின் உச்சியில் தட்டையான பரப்பு. அங்கே ஒரு தாழ்ந்த குகைக்குள், குனிந்து நுழையும்படி, சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் எல்லாம் திரண்டு வரும். மற்ற மாதங்களில் காற்றும் மேய்கிற மாடுகளும்தான். வண்டி கிட்டத்தட்ட மேலே வரை போகும் என்பதால் முழங்கால் வலிக்காரர்களும் வரலாம்.

அடுத்தது 32 கி.மீ. சுற்றுச்சாலை. ஊரில் தொடங்கி காபித் தோட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் இடையே வளைந்து ஊருக்கே திரும்பும். இரு சக்கர வண்டி இருந்தால் அரை நாள் இதற்கு ஒதுக்குங்கள். மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று பெய்து பத்து நாள் கழித்துப் போனால் காபி பூத்திருக்கும். வாசனை ஹெல்மெட்டுக்குள்ளும் வரும். தாவரங்களில் ஈடுபாடு உள்ளவர்கள் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963-ல் நிறுவிய ஆர்க்கிட் தோட்டத்தையும் பார்க்கலாம்.

ஏரி மட்டும் என்று எடுத்துக்கொண்டால் ஏற்காடு தோற்றுவிடுகிறது. அளவில் சின்னது. படகுத்துறையும் அண்ணா பூங்காவும் கடைகளும் ஒரே இடத்தில் நெருக்கியடிக்கும். கொடைக்கானலைப் போல மணிக்கணக்கில் கரையோரம் நடக்கும் அனுபவம் இங்கே இல்லை. குழந்தைகளோடு ஒரு மாலையை ஏரிக்கரையில் கழிக்கலாம். அதற்கு மேல் ஏரியை நம்பி ஏற்காட்டுக்கு வர வேண்டாம்.

இரண்டு ஊர்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டு ஏரிகளின் உபரி நீரும் அருவியாகிறது. கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிவதுதான், ஊருக்கு 8 கி.மீ. முன்னால் சாலையோரம் விழும் சில்வர் கேஸ்கேட். ஏற்காடு ஏரியின் வழிநீர் கிளியூர் அருவியாகிச் சுமார் 90 மீட்டர் விழுகிறது. சில்வர் கேஸ்கேடைக் காரில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், குரங்குகளிடம் பையை ஜாக்கிரதையாக வைத்துக்கொண்டால் போதும். கிளியூருக்குச் செங்குத்தாக இறங்கி ஏற வேண்டும். கோடையில் இரண்டிலும் பெரிதாகத் தண்ணீர் இருக்காது. கிளியூருக்கு மழைக்காலம் முடிந்த கையோடு போவது நல்லது.

ஏரியின் கழிவும் இதே வழியில்தான் கீழே போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குளித்தே ஆக வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள்.

இரண்டு மலைகளிலும் தழும்புகள் உண்டு. கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசக் கழிவு வெளியே கொட்டப்பட்டது அம்பலமானதும் 2001-ல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்களுக்கு உடன்பாடு கிடைக்க 2016 ஆயிற்று. ஏற்காட்டில் அலுமினிய ஆலைக்காக பாக்ஸைட் வெட்டிய இடங்கள் மேட்டில் இன்னும் தெரியும்.

போக வர, தங்க

ஏற்காட்டின் பெரிய பலம் சேலம். ரயிலில் சேலம் வந்து இறங்கினால் மேலே போக 30 கி.மீ. சொச்சம்தான், 20 கொண்டை ஊசி வளைவுகள், நல்ல சாலை, அடிக்கடி பேருந்து. சென்னையில் காலை ரயில் ஏறினால் மாலைத் தேநீர் ஏற்காட்டில். கொடைக்கானலுக்குக் கொடைரோடு நிலையத்தில் இறங்கினாலும் இன்னும் 80 கி.மீ. மலைப்பாதை, மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி வரும் பிள்ளைகள் இருந்தால் இது சின்ன விஷயம் இல்லை. சனிக்கிழமை ஏறி ஞாயிற்றுக்கிழமை இறங்குவதற்குக் கொடைக்கானல் கட்டுப்படியாகாது. பாதிப் பயணம் வளைவுகளிலேயே போய்விடும்.

இ-பாஸ் விஷயமும் கணக்கில் வரும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் தேவை. 2025 கோடையில் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: கொடைக்கானலில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000. அரசுப் பேருந்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அந்த உத்தரவு ஏற்காட்டைக் குறிப்பிடவில்லை. கடைசி நேரத்தில் முடிவு செய்பவர்கள் ஏற்காட்டின் பக்கம் சாய இது போதும். மலைக்குப் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் கொண்டுபோகவும் தடை உண்டு. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிரைப் பொறுத்தவரை, கொடைக்கானலுக்கும் ஏற்காட்டு ஊருக்கும் இடையே உள்ள சுமார் 600 மீட்டர் உயர வித்தியாசம் நன்றாகவே தெரியும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் கொடைக்கானலில் நல்ல கம்பளி இல்லாமல் முடியாது. மூச்சிரைப்பு உள்ள பெரியவர்களுக்குச் சிரமம். ஏற்காட்டில் ஒரு ஸ்வெட்டர் போதும். வடகிழக்குப் பருவமழையில் இரண்டு பாதைகளிலும் மண் சரியும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காட்டு மலைப்பாதை மூடப்பட்டது. அக்டோபர் பிற்பகுதி, நவம்பரைத் தவிர்த்துவிட்டு, ஜனவரி பொங்கல் கூட்டம் இறங்கியதிலிருந்து மார்ச் வரை வைத்துக்கொண்டால் இரண்டு ஊருமே நன்றாக இருக்கும். மே மாதம்தான் விடுமுறை கிடைக்கும் என்றால் இரண்டிலும் கோடை விழா, மலர்க் கண்காட்சி எல்லாம் உண்டு. கூட்டத்தையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இனி வீட்டுக்கு வீடு மாறும் கணக்கு. தாத்தா பாட்டி, கைக்குழந்தை, இரண்டு நாள் லீவு என்றால் ஏற்காடு. மதியத்துக்குள் ஏறி, மாலை ஏரி, இருட்டியதும் லேடீஸ் சீட், மறுநாள் காலை சேர்வராயன் கோயில், வழியில் காபித்தூள் வாங்கிக்கொண்டு இறக்கம். புதுமணத் தம்பதிகள் கொடைக்கானலைத்தான் கேட்பார்கள், சரி, போகட்டும். ஏரிச் சாலையில் இல்லாமல் வட்டக்கானல் பக்கமோ, பூம்பாறை, மன்னவனூர் பக்கமோ அறை பார்த்தால் அமைதி கிடைக்கும். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குக் கொடைக்கானலில் மூன்று நாள் வேண்டும்: முதல் நாள் ஏரியும் பிரையண்ட் பூங்காவும், இரண்டாம் நாள் கோக்கர்ஸ் வாக்கும் சூரிய ஆய்வகமும் தூண் பாறையும், மூன்றாம் நாள் பேரிஜம். பேரிஜத்துக்கு அனுமதி கிடைக்காமல் போகலாம், அதற்கு மாற்றாக வட்டக்கானலை வைத்துக்கொள்ளுங்கள். பைக்கில் தனியாகப் போகிறவருக்கு ஏற்காட்டுச் சுற்றுச்சாலையை விட்டால் வேறு யோசனை என்னிடம் இல்லை.

இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். சென்னையிலிருந்து காரில் போனால் சேலம் வழியாகத் திண்டுக்கல் என்று வரைபடத்தில் கோடு போடுவது எளிது. ஒரு மலையிலிருந்து இறங்கி மறுமலை ஏற ஒரு முழு நாள் போய்விடும். ஐந்து நாள் இருந்தால் செய்யலாம். முதலில் ஏற்காடு, பிறகு கொடைக்கானல் என்ற வரிசையில். மாற்றிச் செய்தால் கொடைக்கானல் ஏரியைப் பார்த்த கண்ணுக்கு ஏற்காடு ஏரி குளம் மாதிரித்தான் தெரியும்.